சிற்றூர்த் திருச்சபை வரலாறும் கால்டுவெல் ஐயர் நூலும்

நாட்டு வரலாற்றை அரசர் வரிசையாக எழுதுதல் பழைய முறை. அம்முறை குறையுடையது என்பதை இன்று யாவரும் ஒப்புவர். ஆயினும் கிறித்தவச் சிற்றூர்களின் திருச்சபை வரலாறுகளில் அதுவே குருமார் வரிசையாக உருமாறி நிற்கின்றது. வந்த குரு யார், கோயில் எடுப்பித்தவர் யார், அவர்க்குப் பின் வந்தவர் யார் என்னும் வினாக்களுக்கு விடை கூறுவதோடு அவ்வரலாறுகள் நிறைவு பெறுகின்றன. திருச்சபை என்பது குருவும் அன்று, கட்டடமும் அன்று. கூடி வழிபடும் மக்களே திருச்சபை. அம்மக்களின் வரலாற்றை எவ்வாறு எழுதுவது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூரையும் பாடியையும் அடுத்த மண்ணூர்பேட்டை போன்ற இடங்களிலிருந்து நோக்குவார்க்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியுள் அடங்கிற்று. ஊர்ப்பெயர் நிற்க, ஊர் நகருள் கரைகின்றது. ஊர் கரையுமிடத்து அங்குள்ள சிறு சபைகளின் பழைய நினைவும் கரையும். அந்நினைவை எழுதிவைக்க முற்படுவார்க்கு வழிகாட்டியாகவும் எச்சரிக்கையாகவும் நிற்கத்தக்க நூல் ஒன்று உண்டு. அது, கால்டுவெல் ஐயர் திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்க கால வரலாற்றைப் பற்றி 1881-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல்.

அந்நூலின் சிறப்பை முதற்கண் கூறுதல் முறை. கால்டுவெல் செவிவழிச் செய்தியோடு அமையவில்லை. கடிதங்களையும் அறிக்கைகளையும் பதிவேடுகளையும் தேடிக் கற்றார். பாளையங்கோட்டைச் சபையின் 1780-ஆம் ஆண்டுப் பெயர்ப்பதிவை அவர் எடுத்துக்காட்டுமிடம் நூலின் உயிர்நிலை எனலாம். அப்பதிவில் உள்ளோர் நாற்பதின்மர். அவர்களுள் தலையாயவர் கிளாரிந்தா என்னும் அந்தண மாது. 1778-இல் சுவார்த்தர் கையால் திருமுழுக்குப் பெற்றவர் அவர். அவரது முயற்சியால் எழுந்த கோயில் 1785-இல் சுவார்த்தரால் படைக்கப்பெற்றது. மக்கள் வழக்கில் அது பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றே பெயர் பெற்றது. ஏடு அவரைத் திருமுழுக்குப் பெயரால் அறிய, ஊர் பிறந்த குலத்தின் பெயரால் அறிந்தது. இவ்விரு பெயர்களுக்கும் இடைப்பட்ட தொலைவே அக்காலத் திருச்சபையின் வரலாறு. ஒரு பெயரை மட்டும் கொண்டு எழுதுவோர் பாதி வரலாற்றையே எழுதுவர்.

இனி, ஊர்ப்பெயர்களும் சான்றாதல் காண்க. தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியார் முன்னிற்க, துன்புறுத்தப்பட்ட புதிய கிறித்தவர்கள் 1799-இல் தமக்கென நிலம் பெற்றுக் குடியேறிய ஊர் முதலூர். தம் மக்களின் முதல் ஊர் என்னும் பொருள்பட அமைந்த பெயர் அது. பின்னர்த் தோன்றிய சாயர்புரம், டோனாவூர் என்பனவோ பொருளுதவிய பிறநாட்டார் பெயரைத் தாங்குவன. அவற்றில் ஈற்றுச் சொல்லே நம் நாட்டு ஊர்ப்பெயர் மரபைக் காட்டுகின்றது. முன்னது குடியேறினோரின் நிலையைக் கூறும். பின்னவை கொடுத்தோர்க்கு நன்றி கூறும். ஊர்ப்பெயராய்வு திருச்சபை வரலாற்றுக்கு எத்துணைத் துணை செய்யும் என்பது இதனால் விளங்கும்.

நூலின் குறை எது? அதன் நடை பெரும்பாலும் ஐரோப்பியக் குருமாரின் வருகையையும் மறைவையும் பற்றிச் செல்கின்றது. 1816-இல் ஹவ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வருமுன், ஏறத்தாழப் பத்தாண்டுகள் அச்சீமையில் ஐரோப்பியக் குரு எவரும் நிலைத்துத் தங்கவில்லை. கடிதம் எழுதுவார் இன்மையின் அக்காலத்துக்குச் சான்றுகள் சுருங்குகின்றன. சான்று சுருங்கவே அது தளர்ச்சிக் காலமாகத் தோற்றுகின்றது. நாம் வேறொன்று வினவுகின்றோம்: குரு இல்லாத பத்தாண்டும் சபைகள் அழியாது நின்றது யாரால்? நாட்டுக் குருமாராலும் உபதேசிமாராலும், குழந்தைகளுக்குச் செபம் கற்பித்த தாய்மாராலும் அன்றோ! சான்று குறைந்த காலமே மக்கள் தம் காலில் நின்ற காலம். வெற்றேட்டை வெறுமை எனக் கொள்ளுதல் வரலாற்று முறைக்கு ஒவ்வாது.

எழுதப்படுவோர் எழுத்துக்கு விடை கூறுதலும் உண்டு. கால்டுவெல் 1849-இல் திருநெல்வேலிச் சாணார் குறித்து வெளியிட்ட நூல் அம்மக்களைத் தாழ்த்திக் கூறியது. அவர்கள் பெரிதும் வருந்தினர், எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பில் தலைநின்றவர் அருமைநாயகம் என்னும் சட்டம்பிள்ளை. அவர் ஐரோப்பியக் குருமாரின் ஆட்சியை மறுத்து, 1857-இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் தனிச் சபை ஒன்றை நிறுவினார். சனிக்கிழமை ஓய்வுநாளும் பழைய ஏற்பாட்டு ஒழுங்குகளும் அதன் நெறிகளாயின. குருமார் அதனைப் பிளவு என்றனர். வரலாற்று மாணவனுக்கோ அது ஒரு மறுப்புரை. நூலாக எழுதப்படாது, சபையாகவே நிறுவப்பட்ட மறுப்புரை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் தந்து நம் மொழிக்குப் பெருமை தேடிய அறிஞர், அம்மொழி பேசும் மக்களின் ஒரு பகுதியினரை எழுதியபோது அவர்தம் மனத்தைக் காணத் தவறினார். அவர்மீது நாம் கொண்ட மதிப்பு இவ்வுண்மையைக் கூறத் தடையாதல் கூடாது.

ஆதலின் சிற்றூர்ச் சபை வரலாறு எழுதப் புகும் ஆய்வு மாணவர், குருமார் பட்டியலை இறுதியில் வைத்துக்கொள்வாராக. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகளையும், கல்லறை எழுத்துக்களையும், ஊரார் வழங்கும் பெயர்களையும், முதியோர் நினைவுகளையும் முதலில் தேடுவாராக. பதிவேட்டில் பெயர்மட்டும் நிற்குமிடத்து அவர் யார் மகன், யார் மனைவி, எங்கிருந்து வந்தார் என வினவுவாராக. பதிவேடு கரையானுக்கு இரையாகும், முதியோர் மறைவர், கல்லறைமீது கட்டடம் எழும். கால்டுவெல் நாற்பது பெயர்களை நமக்குக் காத்துத் தந்தார். நம் காலத்துச் சிறு சபைகளின் பெயர்களைக் காப்பது நம் கடன்.