குவார்ட்டர்பேக்குக்கு என்ன விலை?

அமெரிக்க ஃபுட்பாலின் (என்எஃப்எல்) 2022 சீசனில் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியின் கர்க் கசின்ஸ் 17 ஆட்டங்களில் 4,547 கஜம் பந்து எறிந்தார். அதில் 29 டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது). பிலடெல்பியா ஈகிள்ஸின் ஜேலன் ஹர்ட்ஸ் 15 ஆட்டங்களில் எறிந்தது 3,701 கஜம், 22 டச்டவுன். குவார்ட்டர்பேக்கின் வேலை பந்து எறிவது என்றால், இவர்களில் யார் மேல் என்று கேட்கவே வேண்டாம். ஆனால் ஃபேண்டஸி ஃபுட்பால் கணக்கில் கசின்ஸுக்குக் கிடைத்தது சுமார் 290 புள்ளி. இரண்டு ஆட்டம் குறைவாக ஆடிய ஹர்ட்ஸுக்கு 378-ஐ ஒட்டி வந்தது. வித்தியாசம் முழுக்க அவருடைய கால்கள் சம்பாதித்தது: பந்தைத் தானே தூக்கிக்கொண்டு ஓடி 760 கஜம், 13 டச்டவுன்.

அமெரிக்காவில் ஆகஸ்ட் பிறந்தால் இந்த மாதிரிக் கணக்குகள்தான் அலுவலகத்திலும் மதுக்கடையிலும் பேச்சு. பத்து, பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு லீக் அமைத்து, என்எஃப்எல் வீரர்களை முறைவைத்து எடுப்பார்கள். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். ட்ரீம் லெவன் ஆடிப் பழகியவர்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்: இங்கே ஒருவர் எடுத்த வீரர் அந்த லீக்கில் வேறு யாருக்கும் கிடையாது, சீசன் முழுக்க அவருக்கே சொந்தம். வழக்கமான விதிப்படி எறிந்த 25 கஜத்துக்கு ஒரு புள்ளி, எறிந்து கிடைத்த டச்டவுனுக்கு 4, எதிராளி கைக்குப் போய்விட்ட ஒவ்வொரு பந்துக்கும் 2 புள்ளி கழிவு. ஓடினால் 10 கஜத்துக்கே ஒரு புள்ளி, டச்டவுனுக்கு 6. இந்த அட்டவணையை வைத்துக்கொண்டு ஜாஷ் ஆலனா லமார் ஜாக்சனா, ஜோ பர்ரோவா ஹர்ட்ஸா என்று இரண்டிரண்டு பேராக நிறுத்தி எடைபோடுவது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அந்த எடைபோடலில் கொள்ளத் தக்கது கொஞ்சம் உண்டு, தள்ள வேண்டியது நிறையவே உண்டு.

முதலில் அதன் நேர்மையைச் சொல்ல வேண்டும். நிஜ ஆட்டத்தில் யார் சிறந்த குவார்ட்டர்பேக் என்ற வாதம் முடிவே இல்லாதது. பயிற்சியாளர் யார், முன்னால் நின்று காக்கிறவர்கள் எப்படி, கோப்பை எத்தனை என்று இழுத்துக்கொண்டே போகலாம். ஃபேண்டஸியில் அட்டவணை தீர்ப்பு சொல்லிவிடும். 2021-இல் டாம் பிரேடி 5,316 கஜம், 43 டச்டவுன் எறிந்தார். இரண்டிலும் அவரே என்எஃப்எல்-இல் முதல். பஃபலோவின் ஜாஷ் ஆலன் அவரைவிட 909 கஜமும் 7 டச்டவுனும் குறைவு. எதிராளிக்குக் கொடுத்த பந்துகளோ 3 அதிகம். ஆனாலும் கைநழுவிய பந்துகளுக்கான கழிவைச் சேர்க்காமல் பார்த்தால் ஆலனுக்கு 403, பிரேடிக்கு 381. ஆலன் ஓடியது 763 கஜம், பிரேடி 81. பிரேடியின் பெருமைக்கு இதில் ஒரு குறைவும் இல்லை. அட்டவணை அதைப் பற்றிப் பேசவே இல்லை.

பேசாததால் வேடிக்கையும் நடக்கும். 2015-இல் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் 16 ஆட்டங்களில் 11-ஐத் தோற்றது. எப்போதும் பின்தங்கியே இருந்ததால் எப்போதும் எறிய வேண்டியிருந்தது. பிளேக் போர்ட்டில்ஸ் 18 முறை எதிராளி கையில் பந்தைக் கொடுத்தும், 4,428 கஜமும் 35 டச்டவுனுமாக ஃபேண்டஸியில் அந்த ஆண்டின் முன்னணிக் குவார்ட்டர்பேக்குகளில் ஒருவரானார். மறுபக்கம், ஜெயிக்கிற அணியின் குவார்ட்டர்பேக் கடைசி நிமிடத்தில் முழங்காலிட்டு நேரத்தைக் கரைத்தால் ஒவ்வொரு முறையும் ஒரு கஜம் கழியும். வெற்றிக்கு அபராதம் போடுகிற விளையாட்டு வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

விதியைப் படித்துவிட்டு ஆளைப் பார்க்கிற புத்தி இந்த விளையாட்டின் பிறப்பிலேயே இருக்கிறது. ஓக்லாந்து ரெய்டர்ஸின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக் 1962-இல் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் நண்பர்களோடு உட்கார்ந்து இதை வகுத்தார். அடுத்த ஆண்டு முதல் டிராஃப்ட் நடந்தது. ஓட்டத்தில் ஈடில்லாத ஜிம் பிரவுன் இருக்கும்போது, முதல் பெயராகப் போனவர் ஹூஸ்டன் ஆயிலர்ஸின் ஜார்ஜ் பிளாண்டா. அவர் குவார்ட்டர்பேக் மட்டுமல்ல, பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கிறவரும் அவரே. ஒரே இடத்தில் ஒருவரை வைத்து இரண்டு வழியில் புள்ளி சேர்ப்பது என்ற யோசனை அன்றே வந்துவிட்டது. பிளாண்டாவுக்கு அது உதை, ஹர்ட்ஸுக்கு ஓட்டம்.

ஓட்டத்துக்கு மதிப்புக் கொடுப்பதில் இன்னொரு நியாயமும் உண்டு. அது அடுத்த ஆண்டும் ஏறக்குறைய அப்படியே திரும்பி வருகிறது. ஹர்ட்ஸ் ஓடி எடுத்த டச்டவுன்கள் 2021 முதல் 2024 வரை 10, 13, 15, 14. கோட்டுக்கு ஒரு கஜம் இருக்கும்போது பின்னாலிருந்து இருவர் தள்ள அவர் நடுவில் புகுந்துவிடுவது ஈகிள்ஸ் அணியின் திட்டம். அதிர்ஷ்டத்துக்கு அங்கே வேலை குறைவு. இங்கே ஓர் ஓட்டை இருக்கிறது என்பதும் உண்மை. அந்தத் தள்ளு ஆட்டத்தைத் தடை செய்யும் தீர்மானம் 2025 மே மாதம் அணி உரிமையாளர்கள் முன்னே வந்தபோது 22 பேர் ஆதரித்தார்கள், 10 பேர் எதிர்த்தார்கள். தேவைப்பட்டது 24. இரண்டு வாக்கு மாறியிருந்தால் ஹர்ட்ஸின் விலை ஒரே மதியத்தில் சரிந்திருக்கும். எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

எறிந்து வரும் டச்டவுன் இப்படித் திரும்பி வருவதில்லை. ஒப்பிடுகிறவர்கள் அதிகம் சறுக்குவதும் இதில்தான். ஒரே சீசனில் 50 அல்லது அதற்கு மேல் டச்டவுன் எறிந்தவர்கள் மூன்றே பேர்: 2007-இல் பிரேடி 50, 2013-இல் பெய்டன் மேனிங் 55, 2018-இல் பேட்ரிக் மஹோம்ஸ் 50. அடுத்த ஆண்டு என்ன ஆயிற்று? பிரேடி முதல் ஆட்டத்தின் முதல் கால்பகுதியிலேயே முழங்கால் தசைநார் அறுந்து வெளியேறினார்; டச்டவுன் பூஜ்யம். மேனிங் 39-க்கு இறங்கினார். மஹோம்ஸ் நடுவில் இரண்டு ஆட்டம் காயத்தில் போக 26. மூவரையும் அந்த உச்ச ஆண்டைப் பார்த்து மிக முன்னதாக எடுத்தவர்கள் உச்சத்துக்கான விலையைக் கொடுத்துவிட்டுச் சரிவை வாங்கிக்கொண்டார்கள். ஓடுகிறவரின் எறிதலுக்கும் இதே விதிதான். லமார் ஜாக்சன் 2019-இல் 401 எறிதல்களில் 36 டச்டவுன் எடுத்தார், நூற்றுக்கு 9. என்எஃப்எல் சராசரி நாலைந்தைத் தாண்டாது. அடுத்த ஆண்டு 376 எறிதல்களில் 26. ஓட்டமோ 1,206 கஜத்திலிருந்து 1,005-க்குத்தான் இறங்கியது. இரண்டு பேரை ஒப்பிடும்போது போன வருட டச்டவுன் எண்ணிக்கையைக் கையால் மறைத்துவிட்டு மற்றதைப் பார்ப்பது நல்லது என்பேன்.

ஓட்டமே தெய்வம் என்று கும்பிட்டவர்களுக்கும் அடி விழுந்திருக்கிறது. இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸின் ஆண்டனி ரிச்சர்ட்சன் 2023-இல் நாலே ஆட்டம் ஆடி, தோள் காயத்தோடு ஒதுங்கினார். அந்த நாலில் அவர் ஓடிய வேகத்தைப் பார்த்து, 2024 டிராஃப்ட்களில் முதல் ஐந்தாறு குவார்ட்டர்பேக்குகளில் ஒருவராக அவரை எடுத்தார்கள். அந்த சீசனில் அவர் எறிந்ததில் இலக்குக்குப் போய்ச் சேர்ந்தது நூற்றுக்கு 47.7. பாதி சீசனில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். ஓடுகிற குவார்ட்டர்பேக்குக்கும் எறியத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பயிற்சியாளர் அவரை ஓடவே விட மாட்டார். நாலு ஆட்டத்தின் சராசரியை 17-ஆல் பெருக்கிப் போட்ட கணக்கு இதைச் சொல்லவில்லை.

பெருக்கல் கணக்கு என்றதும் இன்னொன்று. கணிப்புப் பட்டியல்களில் ஒருவருக்கு 21.4, மற்றவருக்கு 21.1 என்று தசம புள்ளி வரை போட்டிருப்பார்கள். அந்த 0.3-ஐ வைத்து மணிக்கணக்கில் சண்டை நடக்கும். 2019 ஆகஸ்ட் 24 இரவு, சீசன் தொடங்க இரண்டு வாரம்கூட இல்லாதபோது, குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக் 29 வயதில் ஓய்வு அறிவித்தார். அதற்குள் டிராஃப்டை முடித்துவிட்ட லீக்குகள் ஏராளம். 2023 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் ஜெட்ஸுக்காக முதல் முறை இறங்கிய ஆரன் ரோஜர்ஸ் தன் அணியின் நாலாவது பந்து முயற்சியிலேயே குதிகால் தசைநார் அறுந்து உட்கார்ந்தார். இதையெல்லாம் யாரும் கணித்திருக்க முடியாது, சரி. கணிக்க முடியாதவை இவ்வளவு இருக்கும்போது தசமத்துக்கு என்ன மரியாதை என்பதுதான் என் கேள்வி.

இதைவிடப் பெரிய குறை, கேள்வியே தப்பாக இருப்பது. பன்னிரண்டு பேர் லீக்கில் ஒவ்வொருவரும் வாரம் ஒரு குவார்ட்டர்பேக்கைத்தான் இறக்க முடியும். என்எஃப்எல்-இல் 32 அணி. ஆக, பன்னிரண்டாவது குவார்ட்டர்பேக்குக்குப் பிறகும் தேறக்கூடிய ஆட்கள் மிச்சம் இருப்பார்கள். பந்தைத் தூக்கி ஓடும் ரன்னிங் பேக்கும் எறிந்ததைப் பிடிக்கும் ரிசீவரும் அப்படியில்லை. ஆளுக்கு இரண்டு மூன்று பேர் தேவைப்படுவதால் நல்லவர்கள் சீக்கிரம் தீர்ந்துபோவார்கள். சந்தையில் தக்காளி மலிந்து கிடக்கும்போது எந்தத் தக்காளி சிவப்பு என்று அரைமணி நேரம் பொறுக்குகிறவர் வெங்காயத்தைக் கோட்டைவிடுவார். ஃபேண்டஸி ஆய்வாளர் ஜே.ஜே. சகாரியாசன் 2012-இல் ஒரு புத்தகமே எழுதி, குவார்ட்டர்பேக்கைக் கடைசிச் சுற்றுகளுக்குத் தள்ளச் சொன்னார். 2018-இல் மஹோம்ஸும் 2019-இல் ஜாக்சனும் பிந்திய சுற்றுகளில் கிடைத்து லீக்குகளை ஜெயித்துக் கொடுத்தபோது அவர் பக்கம் வலுத்தது. எல்லாரும் எறிந்துகொண்டிருந்த காலத்தில் அது சரியான உபதேசம். இப்போது ஆலன், ஜாக்சன் போன்றவர்களுக்கும் பன்னிரண்டாவது ஆளுக்கும் இடையே பள்ளம் ஆழமாகிவிட்டதால், கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் அளக்க வேண்டியது அந்தப் பள்ளத்தைத்தான். ஆலனுக்கும் ஜாக்சனுக்கும் நடுவே உள்ள தூரத்தால் பெரிய லாபம் இல்லை.

டிராஃப்ட் மேசையில் இது எப்படி வரும் என்று பாருங்கள். வரிசை ஒவ்வொரு சுற்றுக்கும் தலைகீழாகத் திரும்பும். உங்கள் இடம் பதினொன்று. ஐந்தாம் சுற்றில் 59-ஆவது தேர்வு உங்களுடையது. 60-உம் 61-உம் பன்னிரண்டாம் இடத்துக்காரருக்கு. 62 மறுபடி உங்களுக்கு. பட்டியலில் ஒரே தரத்தில் இரண்டு குவார்ட்டர்பேக்குகள் மிச்சம். கடிகாரம் ஓடுகிறது, நீங்கள் இருவரின் எண்களையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறீர்கள். பார்க்க வேண்டியதோ பக்கத்து ஆளின் பட்டியலை. அவரிடம் ஏற்கெனவே ஒரு குவார்ட்டர்பேக் இருந்தால், 59-இல் நல்ல ரிசீவரை எடுங்கள். மூன்று நிமிடத்தில் குவார்ட்டர்பேக் இருவருமே பெரும்பாலும் உங்களிடம் திரும்பி வருவார்கள், அப்போது யாரை எடுத்தாலும் சரி.

லீக் விதியைப் பார்க்காமல் செய்கிற ஒப்பீடும் வீண். 2024-இல் ஜோ பர்ரோ 17 ஆட்டம், 4,918 கஜம், 43 டச்டவுன். ஹர்ட்ஸ் 15 ஆட்டம், 2,903 கஜம், 18 டச்டவுன், ஓடி 14. எறிந்த டச்டவுனுக்கு 4 புள்ளி என்றால் ஆட்டத்துக்கு பர்ரோ 22.5, ஹர்ட்ஸ் 21.7, கிட்டத்தட்டச் சமம். 6 புள்ளி கொடுக்கிற லீக்கில் பர்ரோ 27.6-க்கு ஏற, ஹர்ட்ஸ் 24.1-இல் நின்றுவிடுகிறார். அதே இருவர், அதே சீசன்.

சூப்பர்ஃப்ளெக்ஸ் லீக்குகளில் நிலைமை இன்னும் புரண்டுவிடும். அங்கே வாரம் இரண்டு குவார்ட்டர்பேக்குகளை இறக்கலாம். பன்னிரண்டு பேருக்கு 24 பேர் தேவை, இருப்பது 32, அதிலும் ஒவ்வொரு அணிக்கும் ஒரு வாரம் ஓய்வு. மலிவு போய்ப் பஞ்சம் வந்துவிடுகிறது. பதினைந்தாவது ஆளா இருபதாவது ஆளா என்ற கேள்விக்கு அங்கே நிஜமான விலை உண்டு: வேலை போகாமல் சீசன் முழுக்க ஆடுவாரா, பின்னால் ஒரு இளைஞர் காத்திருக்கிறாரா, பயிற்சியாளர் பொறுமைக்காரரா என்றெல்லாம் பார்க்க வேண்டியிருக்கும். ஆகஸ்டில் வரும் ஒப்பீடுகளோ ஆலனுக்கும் ஜாக்சனுக்கும் பக்கம் பக்கமாக ஒதுக்கிவிட்டு, இருபதாவது ஆளுக்கு இரண்டு வரியோடு முடித்துக்கொள்கின்றன.