முதற்பிரதியும் என்வலப்பும்

நம்மவர் நூல் வெளியீடுகளுக்கு இப்போது ஒரே வாய்பாடுதான். கிராஅத், வரவேற்புரை, வாழ்த்துரைகள், பொன்னாடை; பிறகு முதற்பிரதி புரவலருக்கு, சிறப்புப் பிரதிகள் பிரமுகர்களுக்கு. பெயர் வாசிக்கப்பட்டவர்கள் மேடையேறி, என்வலப்பைக் கொடுத்து, படத்துக்கு நின்று இறங்குவார்கள். பின்வரிசையில், "காக்கா, எவ்வளவு வெக்கிற?" என்ற பேச்சு. நூலில் என்ன இருக்கிறதென்று யாரும் கேட்பதில்லை.

அச்சுச் செலவும் கடதாசி விலையும் ஏறின நாட்டில் எழுத்தாளன் வேறென்ன செய்வான் என்பார்கள். நியாயம்தான். புரவலர்கள் கைகொடுக்காவிட்டால் பல நூல்கள் அச்சேறியிரா. ஆனால், அன்பளிப்புச் செய்தவருக்கு வாசிக்கும் கடமையில்லை. காசு கொடுத்து வாங்கினவருக்கோ குறை சொல்லும் உரிமையுண்டு. அந்த உரிமைக்கு இங்கே இடமில்லாததால் ஆய்வுரையும் வாழ்த்துரையாகிப் போகிறது.

1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, இதழ்களைச் சுமந்துபோய்த் தெருவிலே விற்றார். அவர் கேட்டது இதழின் விலையை மட்டுமே. கிடைத்தவர்கள் வாசகர்கள்.

வாழ்த்துரையில் இரண்டைக் குறைத்து, நூலாசிரியரை இரண்டு பக்கம் வாசிக்க விடுங்கள். வாசலில் ஒரு மேசை, விலை எழுதின அட்டை, மிச்சக் காசு கொடுக்க ஓர் ஆள் போதும். மிச்சத்தை எண்ணி வாங்கிப் போறவர்தான் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் திறப்பார்.