நாய் எழுதிய சுயசரிதம்

பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது குடையாகவோ, கிழிந்த சட்டையாகவோ, பழைய ரூபாய் நோட்டாகவோ இருந்து தன்வரலாறு எழுதியிருப்பார்கள். 'நான் ஒரு நாய்' என்பதும் அந்த வரிசையில் வருவதுதான். அந்தக் கட்டுரையில் நாய் என்ன சொல்லும்? தான் நன்றியுள்ள பிராணி என்று சொல்லும். இரவெல்லாம் கண் விழித்து வீட்டைக் காப்பதாகச் சொல்லும். கடைசிப் பத்தியில், மனிதர்களும் தன்னைப் போலவே நன்றியோடு நடக்கவேண்டும் என்று புத்தி சொல்லிவிட்டு விடைபெற்றுக்கொள்ளும். பத்துக்கு எட்டு மதிப்பெண் நிச்சயம்.

விஷயம் பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை. நாயின் காலில் பேனாவைக் கட்டிவிட்டு, 'நீயே உன் கதையைச் சொல்' என்று உட்கார்ந்துகொள்ளும் ஆசை பெரிய எழுத்தாளர்கள் பலருக்கும் வந்திருக்கிறது. சிலர் அற்புதமாகச் செய்திருக்கிறார்கள். சிலர் அந்த எட்டு மதிப்பெண்ணோடு நின்றுவிட்டார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், நாயைப் பற்றித் தெரிகிறதோ இல்லையோ, கதையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

நம்முடைய இதிகாசங்களிலிருந்தே ஆரம்பிக்கலாம். மகாபாரதத்தின் கடைசியில் தருமபுத்திரனைப் பின்தொடர்ந்து ஒரு நாய் மலையேறுகிறது. தம்பிமாரும் திரௌபதியும் வழியில் ஒவ்வொருவராக விழுந்துவிட, நாய் மட்டும் கூடவே வருகிறது. நாயை விட்டுவிட்டு ரதத்தில் ஏறு என்கிறான் இந்திரன், தருமன் மறுக்கிறான். அப்போதுதான் அந்த நாய் தர்மதேவதை என்று தெரிகிறது. எங்கள் ஊர் தருமபுரியாக இருப்பதால் இந்தக் கதையில் எங்களுக்கு ஒரு தனி உரிமை உண்டு என்று நான் நினைத்துக்கொள்வது வழக்கம். ஆனால் எழுதுகிறவன் கவனிக்கவேண்டிய இடம் வேறு. அத்தனை வழியும் அந்த நாய் வாயே திறக்கவில்லை. தர்மம் பேச ஆரம்பித்த நிமிஷத்தில் அது நாயாக இல்லை, தேவதையாகிவிட்டது. நாய்க்கதை எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் வியாசர் செய்துவைத்த எச்சரிக்கை இது. நாய் தர்மம் பேசினால் நாய் போய்விடும்.

ராமாயணத்தில் வருகிற நாயோ நன்றாகப் பேசுகிறது. உத்தர காண்டத்தில், பின்னால் சேர்ந்தவை என்று அறிஞர்கள் ஒதுக்குகிற சர்க்கங்களில் அந்தக் கதை இருக்கிறது. மண்டை உடைந்த நாய் ஒன்று ராமனுடைய அரண்மனை வாசலில் வந்து நிற்கிறது. ஸர்வார்த்தஸித்தன் என்ற பிராமணன் தன்னைக் காரணமில்லாமல் அடித்துவிட்டான் என்று பிராது. அழைத்து விசாரித்தால், பசியோடு பிச்சைக்கு அலைந்தேன், நாய் வழியில் கிடந்தது, நகரவில்லை, கோபத்தில் அடித்துவிட்டேன் என்று அவனும் ஒப்புக்கொள்கிறான். பிராமணனைத் தண்டிக்கக்கூடாது என்கிறார்கள் சபையார். தண்டனை என்ன என்று நாயையே கேட்கிறான் ராமன். இவனைக் காலஞ்சரத்தில் குலபதியாக்கிவிடுங்கள் என்கிறது நாய். பிராமணன் யானைமேல் ஏறிக்கொண்டு சந்தோஷமாகப் போகிறான். சபைக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போது நாய் தன் சுயசரிதத்தைச் சொல்கிறது: போன பிறவியில் அந்தக் குலபதி நான்தான், ஒழுங்காக நடந்துகொண்ட எனக்கே இந்தக் கதி, கோபக்காரனான இவனுக்கு என்ன கதி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் அறிந்தவரையில் நாய் தன் வாயால் சொன்ன சுயசரிதங்களில் இவ்வளவு சுருக்கமானது வேறு இல்லை. இவ்வளவு ஹாஸ்யமானதும் இல்லை. அந்த நாய் புத்தி சொல்லவில்லை. எதிரிக்குப் பதவி கேட்டது. மற்றதைச் சபையும் நாமும் புரிந்துகொள்கிறோம். அதற்குமேல் அது ஒரு வார்த்தை பேசியிருந்தால் கதை உபந்நியாசமாகியிருக்கும்.

ஐரோப்பாவில் இந்த வகைக்கு மூத்தவர் என்று செர்வாண்டிஸைச் சொல்லவேண்டும். 1613ல் அவர் வெளியிட்ட கதைத் தொகுதியில், வல்லதோலித் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பெர்கான்ஸா, சிப்பியோன் என்ற இரண்டு நாய்களுக்குத் திடீரென்று பேச்சு வந்துவிடுகிறது. நாளைக்கும் இந்த வரம் இருக்குமோ இருக்காதோ என்று பெர்கான்ஸா அவசர அவசரமாகத் தன் வாழ்க்கையைச் சொல்கிறது. அதன் எஜமானர்களில் கசாப்புக்காரன் உண்டு, வியாபாரி உண்டு, போலீஸ்காரன் உண்டு, கவிஞன்கூட உண்டு. சிப்பியோன் நடுநடுவே குறுக்கிட்டு, 'வழி தவறாதே, கதைக்கு வா' என்று அதட்டிக்கொண்டே இருக்கிறது. முதல் நாய் கதாசிரியர். இரண்டாவது நாய் பத்திரிகை ஆசிரியர். கதை எழுதிப் பிழைப்பவர்கள் அந்தப் பக்கங்களைப் படித்தால் சிரிப்போடு கொஞ்சம் வலியும் இருக்கும்.

பெர்கான்ஸா ஆட்டு மந்தைக்குக் காவல் இருந்த கட்டம் ஒன்று வருகிறது. 'ஓநாய், ஓநாய்' என்று இடையர்கள் கத்துவார்கள். இது காடு மேடெல்லாம் ஓடிக் கால் தேய்ந்து திரும்பும். வந்து பார்த்தால் ஓர் ஆடு செத்துக்கிடக்கும். ஒரு ராத்திரி ஓடாமல் மறைந்திருந்து பார்க்கிறது. ஓநாயே இல்லை. ஆட்டைக் கொன்று நல்ல கறியை எடுத்துக்கொள்பவர்கள் இடையர்கள்தான். காவல்காரனே திருடனாக இருந்தால் நாய் யாரைப் பார்த்துக் குரைப்பது? அரசாங்கங்களைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு சிக்கனமாக எழுதினவர்கள் குறைவு.

அடுத்து மார்க் ட்வெய்ன். 1903ல் அவர் எழுதிய நாய்க்கதையில் பேசுவது ஒரு பெண் நாய். அதன் தாய்க்குப் பெரிய பெரிய வார்த்தைகளில் மோகம். அர்த்தம் தெரியாமலே எடுத்துவிட்டு அக்கம்பக்கத்து நாய்களை மிரட்டும். இலக்கியக் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் அந்தத் தாயைப் பார்த்திருக்கக்கூடும். சிரித்துக்கொண்டே போகிறோம். மகள் நாய் தீயிலிருந்து எஜமானின் குழந்தையைக் காப்பாற்றுகிறது. விஞ்ஞானியான அந்த எஜமானோ, பிறகு ஒரு நாள், பரிசோதனைக்காக அதன் குட்டியின் கண்ணைக் குருடாக்குகிறான், குட்டி செத்துப்போகிறது. வேலைக்காரன் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைக்கிறான். விதை போட்டால் செடி வருவது போலக் குட்டி முளைத்து வரும் என்று தாய் அந்த இடத்திலேயே காத்துக்கிடக்கிறது.

இந்தக் கதையில் சிரிப்பும் துக்கமும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. தாய்க்கு வார்த்தையின் அர்த்தம் தெரியாது. மகளுக்குச் சாவின் அர்த்தம் தெரியாது. முதல் தெரியாமைக்குச் சிரித்த நாம், இரண்டாவது தெரியாமைக்கு முன்னால் வாயடைத்து நிற்கிறோம். நாய்க்குத் தெரியாததை நாய் வாயில் வைக்காமல் இருப்பதுதான் இந்தக் கலையின் முழு ரகசியமும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மார்ஷல் சாண்டர்ஸ் எழுதிய 'பியூட்டிபுல் ஜோ' உதாரணம். கனடாவில், காதும் வாலும் அறுக்கப்பட்டு உயிர் பிழைத்த ஒரு நிஜ நாயை வைத்து, ஜீவகாருண்யச் சங்கம் ஒன்று நடத்திய போட்டிக்காக எழுதப்பட்டது. 1893ல் வெளிவந்து லட்சக்கணக்கில் விற்றது. அந்தப் புத்தகத்தால் எத்தனையோ நாய்களுக்கு அடி குறைந்திருக்கும். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஜோ, வதைபடும்போது நாயாக இருக்கிறது. வதை நின்றதும் சங்கத்தின் காரியதரிசியாகிவிடுகிறது. கிப்ளிங் 1930ல் எழுதிய 'உங்கள் அடியாள், ஒரு நாய்' இதற்கு நேர் எதிர். பூட்ஸ் என்ற அந்த நாய்க்குத் தெரிந்த வார்த்தைகள் ரொம்பக் கொஞ்சம். எஜமானர்கள் அதற்குத் தெய்வங்கள். தெய்வங்கள் செய்வதற்குக் காரணம் கேட்க முடியுமா? காப்கா இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய நாய் ஆராய்ச்சிக்காரன். சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று ஆயுள் முழுக்க ஆராய்கிறது. போடுகிற மனிதன் மட்டும் அதன் கண்ணில் படுவதே இல்லை.

ஜப்பானியரான நட்சுமே சோசெகி 1905ல் பூனையைப் பேசவைத்தார். பெயர்கூட வைக்கப்படாத அந்தப் பூனை, உபாத்தியாயரான எஜமானையும் அவருடைய சிநேகிதர்களையும் பார்த்துப் பரிகாசம் பண்ணுகிறது. பூனையால் அது முடியும். பூனை பிறவியிலேயே விமர்சகன். நாய் பிறவியிலேயே பக்தன். பரிகாசம் பண்ணுகிற நாய் வேஷம் போட்ட பூனைதான். பக்தன் சொல்கிற கதையில், சாமியின் குற்றம் பக்தனுக்குத் தெரியாமலே வெளியே வரவேண்டும்.

சரி, தமிழ் நாய் ஒன்று கதை எழுதினால் எப்படி இருக்கும்? நாலடியார் நம் நாய்க்கு நல்ல சான்றிதழ் கொடுத்திருக்கிறது: பல நாள் பழகினாலும் யானை பாகனைக் கொன்றுவிடும், நாயோ எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதே வாலை ஆட்டும் என்று. மாணிக்கவாசகர் இறைவன் முன்னால் தம்மை 'நாயேன்' என்கிறார். இலக்கியத்தில் இத்தனை கௌரவம் இருந்தும், தெருவில் சண்டை வந்தால் முதலில் வாயில் வருவது நாய்தான்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. வெள்ளைக்காரன் வீட்டு நாய் கணப்படுப்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு குடும்ப ரகசியங்களைக் கேட்கிறது. எங்கள் பக்கத்து நாய் திண்ணையைத் தாண்டி உள்ளே வராது. ராத்திரி யார் வந்தார்கள், யார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது அதற்குத் தெரியும். உள்ளே என்ன பேசினார்கள் என்பது தெரியாது. ஆகவே தமிழ் நாயின் நாவல் திண்ணை நாவலாகத்தான் இருக்கும். தவிர, அது ஒரு வீட்டு நாயும் அல்ல. காலையில் ஒரு வாசலில் கேழ்வரகுக் களி, மத்தியானம் இன்னொரு வாசலில் சோற்றுத் தண்ணீர், சாயங்காலம் டீக்கடையில் வர்க்கி. நான்கு எஜமானர்களைத் தேடி பெர்கான்ஸா ஊர் ஊராக அலையவேண்டியிருந்தது. எங்கள் நாய்க்கு ஒரே தெருவில் கிடைத்துவிடுகிறார்கள்.

தெரு முடிகிற இடத்தில்தான் நிஜமான கதை ஆரம்பிக்கிறது. ஊரிலிருந்து காலனிக்கும், காலனியிலிருந்து ஊருக்கும், யாரும் எதுவும் கேட்காமல் போய்வரக்கூடிய ஜீவன் நாய். இரண்டு இடத்துச் சாப்பாட்டின் ருசியும் அதற்குத் தெரியும். 2012 நவம்பரில் எங்கள் மாவட்டத்தில் நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் வீடுகள் கொளுத்தப்பட்டபோது, அங்கே ஓடின நாய்களில் ஒன்றாவது இரண்டு பக்கமும் சோறு தின்றிருக்கும்.

நாய்க்காவது இந்தச் சுதந்திரம் நிச்சயமா என்றால், அதுவும் இல்லை. 2010ல் மத்தியப் பிரதேசம் மொரேனா மாவட்டத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. தலித் பெண் ஒருவர் போட்ட ரொட்டியைத் தின்றுவிட்டது என்பதற்காக, மேல்சாதி வீட்டுக்காரர் தம் நாயைத் தள்ளிவைத்துவிட்டார். ரொட்டி போட்ட பெண்ணுக்குப் பஞ்சாயத்து விதித்த அபராதம் 15,000 ரூபாய். எந்த நாவலாசிரியனும் கற்பனை செய்யத் தயங்குகிற ஹாஸ்யம் இது. அந்த நாய் தன் கதையைச் சொன்னால் என்ன சொல்லும்? நேற்று வரை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு ரொட்டி தின்றேன், நன்றாகத்தான் இருந்தது. இன்றைக்கு வாசலில் நிற்காதே என்கிறார்கள். ரொட்டியில் என்ன இருந்தது என்று எவ்வளவு மோந்து பார்த்தும் தெரியவில்லை. இவ்வளவு போதும். சாதி என்ற வார்த்தையே கதையில் வரவேண்டாம். வந்தால் அது அந்த நாய்க்குத் தெரிந்த வார்த்தையாக இருக்காது.

மிருகத்தின் கதையை நம்மவர்கள் எழுதவில்லை என்று சொல்லமாட்டேன். இனி எழுதப்போவதில்லை என்று 2015ல் அறிவித்த பெருமாள்முருகன், மறு வருஷம் திரும்பி வந்தபோது கொண்டுவந்த நாவல் 'பூனாச்சி', ஒரு வெள்ளாட்டின் கதை. மனிதர்களைப் பற்றி எழுதுவது ஆபத்தாகிற காலத்தில் ஆடும் நாயும் எழுத்தாளனுக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை அது காட்டுகிறது.

நாய்க்கதையை எப்படி எழுதவேண்டும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. தருமபுரியும் அதற்குக் கிழக்கே திருவண்ணாமலைச் சீமையும் நடுகல் பூமி. செங்கத்துக்குப் பக்கமான எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டில், நட்ட கல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. அவனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்வர்களைக் கடித்து அது காவல் நின்ற செய்தியையும் எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் கல்லை எழுதினவன் 'நன்றியுள்ள பிராணி' என்று எழுதவில்லை. மனிதர்கள் கற்றுக்கொள்ளட்டும் என்றும் எழுதவில்லை. நாயின் பெயரைச் சொன்னான். கள்வர் இரண்டு பேர் என்று கணக்குச் சொன்னான். அது செய்த காரியத்தைச் சொன்னான். உளியைக் கீழே வைத்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு நாலு மதிப்பெண்கூடத் தேறியிருக்காது. ஆனால் ஆயிரத்து நானூறு வருஷமாக அந்த நாய் அங்கேதான் நிற்கிறது.