ஒரு கணினி, நூறு பேர்: 'சம்மதம்' என்கிற பொத்தானைப் பற்றி ஒரு குறிப்பு

விண்டோஸ் 11 பற்றித் தமிழில் வருகிற கட்டுரைகளும் காணொளிகளும் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கின்றன. "உங்கள் அந்தரங்கத்தைக் காக்க உடனே அணைக்க வேண்டிய பத்து அமைப்புகள்" என்று ஒரு தலைப்பு. உள்ளே விளம்பர அடையாள எண்ணை அணை, இருப்பிடத்தை அணை, கோபைலட்டை எடு என்று ஒரு பட்டியல். பட்டியல் தப்பில்லை, பயன்படுகிறதுதான். ஆனால் அதற்கு அடியில் யாரும் சொல்லாத ஒரு அனுமானம் கிடக்கிறது. கணினி உங்களுடையது, அதில் இருக்கிற தரவும் உங்களுடையது, 'சரி' என்று அழுத்துகிற விரலும் உங்களுடையது. மூன்றும் ஒரே ஆள் என்கிற கணக்கு.

மாரியூர் பக்கம் இந்தக் கணக்கு செல்லாது. கடலாடி வட்டத்தில், சாயல்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டின ஊர். சிவன் கோயிலும் வாலிநோக்கம் வரை நீளும் உப்பளமும்தான் ஊருக்கு அடையாளம். இங்கே ஆளுக்கு ஒரு போன் இருக்கிறது. கணினி அப்படியில்லை. கணினி வேலை என்றால் சாயல்குடிக்கோ பக்கத்துப் பெரிய ஊருக்கோ போய், ஜெராக்ஸ் கடையிலோ இ-சேவை மையத்திலோ உட்கார்ந்து முடிப்பதுதான் வழக்கம். உப்பளத் தொழிலாளிக்கு மழைக்கால நிவாரணம், மீனவர் வீட்டுக்குத் தடைக்கால நிவாரணம், பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, பிள்ளைக்குக் கல்லூரி விண்ணப்பம் என்று எல்லாவற்றுக்கும் அதே மேசை, அதே கணினி. ஆதார், குடும்ப அட்டை, பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் ஸ்கேன் ஆகி எங்கே போய் உட்காரும்? பெரும்பாலும் டெஸ்க்டாப்பில். அதுதான் கைக்குப் பக்கம்.

ஆகவே இங்கே கேள்வியே வேற. "என் அந்தரங்கத்தை விண்டோஸ் என்ன செய்கிறது?" என்பது இல்லை. கடைக்காரர் ஒருத்தர் ஒரு தடவை அழுத்தின 'சரி', அந்தக் கடைக்கு வந்துபோகிற நூறு பேர் சார்பாகவும் கொடுத்த சம்மதமாகுமா? இதுதான் கேள்வி. இதைப் பேசின தமிழ்க் கட்டுரை ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

ரீகால் பற்றின கூச்சல்

2024 மே 20 அன்று மைக்ரோசாஃப்ட் 'ரீகால்' என்ற வசதியை அறிவித்தது. சில வினாடிக்கு ஒரு தரம் திரையைப் படம் பிடித்து வைக்கும், பிறகு நாம் எதைப் பார்த்தோம் என்று தேடிக்கொள்ளலாம். அதன் முதல் வடிவத்தில், அந்தப் படங்களிலிருந்து எடுத்த எழுத்தெல்லாம் எளிதில் வாசிக்கக்கூடிய தரவுத்தளமாகக் கிடக்கிறது என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். உலகமே கொதித்தது. சில நாளிலேயே, பயனர் தானாக விரும்பி இயக்கினால்தான் வேலை செய்யும் என்று நிறுவனம் இறங்கி வந்தது. வெளியீடும் தள்ளிப்போய், 2025 ஏப்ரலில்தான் பொதுவாகக் கிடைத்தது.

கொதித்தது நியாயம்தான். ஆனால் ரீகால் ஓடுவதற்கு வினாடிக்கு 40 இலட்சம் கோடி கணக்கு போடுகிற தனிச் செயலி வேண்டும். அது புத்தம்புதிய, விலை கூடின கணினிகளில் இருக்கிறது. நம்ம ஜெராக்ஸ் கடையில் இருக்கிறது அந்தக் கணினி இல்லை. தமிழில் ரீகாலைப் பற்றி எழுதினவர்கள் தங்கள் வாசகரிடம் இல்லாத ஒரு கணினியைப் பற்றித்தான் அதிகம் பயமுறுத்தினார்கள். இருக்கிற கணினியில் நடக்கிறது அடக்கமான சங்கதி. அதனாலேயே பேச்சில் வரவில்லை.

அடக்கமான சங்கதி மூன்று

முதலாவது, கணக்கு. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை முதலில் அமைக்கும்போது இணையமும் வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். 2022இலிருந்து புரோ பதிப்பையும் சொந்த உபயோகத்துக்கென்று அமைத்தால் அதே கதைதான். சுற்றிப் போகிற குறுக்குவழிகளையும் நிறுவனம் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகிறது. நம்ம பக்கம் இணையம் என்றால் போன் ஹாட்ஸ்பாட். அன்றைய டேட்டாவை முதல் அப்டேட்டே தின்றுவிடும். "அண்ணே, என்னமோ கேக்குதுண்ணே" என்றால் "நெக்ஸ்ட்டக் குடு, நெக்ஸ்ட்டக் குடு" என்கிற பதில்தான் வரும். மெயில் ஐடி இல்லாதவருக்குக் கடைப் பையன் அவசரத்துக்கு ஒன்றை உண்டாக்கி உள்ளே நுழைத்துவிடுவான். கடவுச்சொல் ஒரு துண்டுச் சீட்டில் போகும். சீட்டு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இது சின்ன விஷயமில்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 வெளியீட்டிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் வட்டு தானாகக் குறியாக்கம் ஆகிறது. அதைத் திறக்கிற மீட்புச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்காருகிறது. கணினி ஒருநாள் சாவி கேட்டால், தொலைந்த சீட்டில் இருக்கிறது சாவி. திருடனிடமிருந்து காப்பாற்ற வைத்த பூட்டு, உடையவரை வெளியே நிறுத்திவிடும்.

இரண்டாவது, ஒன்டிரைவ். கணக்கில் நுழைந்து அமைக்கிற புதிய கணினிகளில், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்று அடைவுகளும் தனியாகக் கேட்காமலே மேகச் சேமிப்புக்குப் போகும்படி அமைவதாக 2024 நடுவில் செய்தி வந்தது. இலவச இடம் 5 ஜிபி. ஸ்கேன் படங்கள் அதைச் சீக்கிரம் நிரப்பிவிடும். பிறகு "இடம் நிறைந்துவிட்டது, வாங்குங்கள்" என்கிற நச்சரிப்பு. எரிச்சலில் அணைத்தால் டெஸ்க்டாப்பே காலியாகத் தெரியும். கோப்புகள் ஒன்டிரைவ் அடைவுக்குள் இருக்கும், அங்கே போக ஒரு குறுக்குவழி மட்டும் மிஞ்சும். விவரம் தெரியாத ஆளுக்கு நெஞ்சு அடைத்துப்போகும். பயந்து திரும்ப இயக்கிவிடுவார்.

இதையே ஜெராக்ஸ் கடையில் வைத்துப் பாருங்கள். வாரிசுச் சான்றுக்கு வந்த ஆத்தாவின் ஆதார் நகல், கடைக்காரரின் ஒன்டிரைவில் ஏறிவிடும். கடைக்காரர் அதே கணக்கை வேறெங்கே திறந்தாலும் தெரியும். அந்தத் துண்டுச் சீட்டு யார் கையில் கிடைத்தாலும் தெரியும். ஆத்தாவுக்கு ஒன்டிரைவ் என்ற பெயரே தெரியாது. கடைக்காரருக்கும் முழுசாகத் தெரியாது. கெட்ட எண்ணம் ஒருத்தருக்கும் இல்லை, ஆனாலும் காரியம் நடந்துவிடுகிறது.

மூன்றாவது, நோயறி தரவு. கணினி எப்படி ஓடுகிறது என்று நிறுவனத்துக்குப் போகிற தகவலில் 'தேவையானது', 'விருப்பத்துக்குரியது' என்று இரண்டு வகை. இரண்டாவதை யாரும் அணைக்கலாம். முதலாவதை ஹோம், புரோ பதிப்புகளில் அணைக்க முடியாது. பெரிய நிறுவனங்களுக்கும் கல்விக்கூடங்களுக்குமான பதிப்புகளில் அதையும் அணைக்கலாம். அதாவது இது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் இல்லை. மொத்தமாக உரிமம் வாங்குகிறவருக்கு முடியும், சில்லறையில் வாங்குகிறவருக்கு முடியாது. அவ்வளவுதான்.

பழைய பழக்கம்

சம்மதத்தை இப்படி இழுத்து வளைப்பது புதுசு இல்லை. விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலை 29. அதற்கு மாறச் சொல்லிப் பழைய கணினிகளில் ஒரு பெட்டி வந்துகொண்டே இருந்தது. 2016 மே வாக்கில் அந்தப் பெட்டியை மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும், குறித்த நேரத்தில் மாற்றம் நடந்துவிடும் என்கிற நிலை. 'வேண்டாம்' என்பதற்கு உலகம் முழுக்கப் பழகியிருந்த குறி அது. எதிர்ப்பு வந்த பிறகுதான் திருத்தினார்கள். கேட்காமலே நடந்த மாற்றத்தால் கணினி கெட்டது என்று கலிஃபோர்னியாவில் சிறு தொழில் நடத்தின ஒருவர் வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார். அதே ஆண்டு ஜூலையில் பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், அளவுக்கு மீறித் தகவல் எடுப்பதை நிறுத்தச் சொல்லி மைக்ரோசாஃப்டுக்கு முறையான அறிவிப்பு கொடுத்தது. நிறுவனம் மாற்றங்கள் செய்த பிறகு 2017இல் அந்தக் கோப்பு மூடப்பட்டது.

இதில் ஒரு பாடம் உண்டு. கேட்கிற அதிகாரம் இருந்தால் மாற்றுகிறார்கள். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. டிபிஎம் 2.0 சில்லும் புதிய செயலியும் கேட்பதால், நன்றாக ஓடுகிற எத்தனையோ பழைய கணினி விண்டோஸ் 11க்குப் போக முடியாது. இன்னும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமானால், 30 டாலர் கட்டலாம், 1000 வெகுமதிப் புள்ளி கொடுக்கலாம், இல்லையென்றால் உங்கள் அமைப்புகளை மேகத்தில் சேமிக்க ஒப்புக்கொண்டு இலவசமாகப் பெறலாம் என்றார்கள். மூன்றுக்குமே மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் நுகர்வோர் அமைப்புகள் கேள்வி கேட்டதும், அங்கே மட்டும் மேகச் சேமிப்பு நிபந்தனை நீங்கியது. பாரிஸுக்கு ஒரு நியாயம், பரமக்குடிக்கு ஒரு நியாயம்.

எதிர்த்தரப்பில் இருக்கிற நியாயம்

ஒரு பக்கமாகப் பேசக் கூடாது. பென்டிரைவ் வழியாக வைரஸ் பரவி, ஊரிலிருக்கிற விண்ணப்பமெல்லாம் குட்டிச்சுவரான காலத்தை நாம் பார்த்திருக்கிறோம். புதிய கணினிகள் அந்த வகையில் எவ்வளவோ தேவலை. மேகச் சேமிப்பும் நல்ல வசதிதான். உப்புக்காத்து அடிக்கிற கரையில் கணினியின் உள்பாகம் அரித்துப்போவது சாதாரணம். வட்டு போனால் கோப்பு பிழைக்க வெளியே ஒரு நகல் இருக்க வேண்டும். நகல் எடுப்பதில் எனக்கு வழக்கு இல்லை. யாருடைய கோப்பை, யாரைக் கேட்டு எடுக்கிறாய் என்பதில்தான் வழக்கு.

லினக்ஸ் போடு என்கிற பதில்

நம்ம கட்டற்ற மென்பொருள் நண்பர்களிடம் இதைச் சொன்னால் "லினக்ஸ் போட வேண்டியதுதானே" என்பார்கள். கொள்கையில் நானும் அந்தப் பக்கம்தான். தமிழ்நாட்டுக்கு இதில் வரலாறும் உண்டு. 2007 வாக்கில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண் இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையிலிருந்து பாஸ் லினக்ஸை உருவாக்கியது. 2011இல் தொடங்கின இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வந்தது. ஆனால் அந்தக் கணினி வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் என்ன நடந்தது? "இந்த லினக்ஸ் எடத்த அடைக்குது" என்று கடையில் கொடுத்து அழித்தவர்கள்தான் நம்ம பக்கம் அதிகம். கூடவே கொடுத்தார்கள், எதற்கு என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

ஜெராக்ஸ் கடைக்காரருக்கு இன்னொரு தடை உண்டு. கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்பச் சாவி, விலை மலிந்த பிரிண்டர் எல்லாம் பெரும்பாலும் விண்டோஸை நம்பியே வருகின்றன. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்று ஆணை போட்ட பிறகும் வானவில் எழுத்துருவில் கிடக்கிற பழைய ஆவணங்கள் எத்தனையோ. 2023இல் பாதுகாப்பு அமைச்சகம் தன் கணினிகளுக்கு லினக்ஸ் அடிப்படையிலான 'மாயா'வைத் தேர்ந்தது. அமைச்சகத்தால் முடியும், பின்னால் ஒரு படையே இருக்கிறது. கடைக்காரருக்குப் பின்னால் நிற்கிறது வரிசையில் காத்திருக்கிற ஆட்கள் மட்டும்தான். அவரிடம் போய் லினக்ஸ் போடு என்றால் அது அறிவுரைதான், தீர்வு இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சம்மதம் தன்னிச்சையாக, குறிப்பானதாக, விவரம் அறிந்ததாக, நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. எட்டாவது அட்டவணையிலுள்ள மொழிகளில் அறிவிப்பைப் படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது. தமிழும் அதில் உண்டு. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து பதினெட்டு மாதம்.

காகிதத்தில் அழகான சட்டம். ஆனால் இந்தச் சட்டமும் தரவுக்கு உடையவர் பொத்தானுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்றே நினைத்துக்கொள்கிறது. நம்ம ஆத்தா மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். திரை அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது.

செய்யக்கூடியது

கடை வைத்திருக்கிறவர்களுக்குச் சின்னதாக மூன்று காரியம். வாடிக்கையாளர் கோப்புகளை டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ வைக்காமல், டி டிரைவில் ஒரு அடைவு போட்டு அங்கே வையுங்கள். ஒன்டிரைவ் அமைப்பில் காப்புநகல் பகுதியைத் திறந்து மூன்று அடைவையும் அணையுங்கள். அணைக்கும் முன்னால் கோப்புகளை ஒரு வெளிவட்டில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த ஸ்கேனை அன்றைக்கே அழித்துவிடுங்கள், மறுசுழற்சித் தொட்டியிலிருந்தும் சேர்த்து.

ஆனால் இதைக் கடைக்காரர் தலையில் மட்டும் கட்டிவிட்டு நகர்ந்தால், நானும் அந்தப் பத்து அமைப்புப் பட்டியல்காரர்களில் ஒருவன்தான். இ-சேவை மையங்களுக்கு உரிமம் கொடுப்பது தமிழ்நாடு மின்னாளுமை முகமை. மையத்துக் கணினி எப்படி அமைந்திருக்க வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு விதி போட அதனால் முடியும். உள்ளூர்க் கணக்கு மட்டும், மேகச் சேமிப்பு அணைந்திருக்க வேண்டும், ஸ்கேன்கள் குறித்த நாளில் அழிய வேண்டும், திரையின் ஒரு பக்கம் விண்ணப்பதாரருக்குத் தெரிய வேண்டும். அரசு வாங்கிக் கொடுக்கிற மடிக்கணினிகளுக்கு, கல்விக்கூடங்களுக்குக் கிடைக்கிற அதே அணைக்கும் வசதியைக் கேட்டு வாங்க முடியும். மொத்தமாக வாங்குகிறவர் கேட்டால் கிடைக்கும் என்று மேலேயே பார்த்தோம். தமிழ்நாட்டைவிட மொத்தமாக வாங்குகிறவர் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

இதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், புது மென்பொருளும் வேண்டாம். கொள்முதல் ஆணையில் நாலு வரி கூடுதலாக எழுதினால் போதும்.