போன் கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது, ஆனந்தம் மட்டும்!

ரெபெல் ராலிக்குப் பேர் கொடுத்ததிலிருந்து எனக்குத் தூக்கமே வரலைங்க, அவ்வளவு சந்தோஷம்! 2016-ல எமிலி மில்லர் தொடங்கின, பெண்கள் மட்டுமே ஓட்டுற போட்டி. வண்டிக்கு ரெண்டு பேர். நெவாடா, கலிபோர்னியா பாலைவனத்துல காகித மேப்பும் காம்பஸும்தான் துணை. வேகத்துக்குப் பரிசில்லை, வழியைச் சரியாக் கண்டுபிடிக்கணும். பைத்தியம் பிடிக்க இது போதாதா?

ஒத்திகைக்கு நானும் தோழியும் ஆன்சா-பொரேகோ பாலைவனப் பூங்காவுக்குப் போனோம். காம்பஸ் முள்ளோட வடக்கும் மேப்போட வடக்கும் ஒண்ணில்லை, அங்கே சுமார் 11 டிகிரி வித்தியாசம். அதை விட்டுட்டா 10 கிலோமீட்டர்ல கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிப்போம்! வண்டியோட இரும்பு முள்ளை இழுக்கும்னு ஒவ்வொரு தடவையும் இறங்கி, தள்ளிப் போய் நின்னு திசை பார்க்கணும். தூரத்து மலையுச்சி எங்க கணக்குல அப்படியே வந்து உட்கார்ந்ததும் நான் போட்ட கூச்சல் இருக்கே, "மெதுவாடி, தொண்டை போயிடும்"ங்கிறா அவ!

அப்புறம் மணல் ஓடை. டயர்ல 35 பிஎஸ்ஐ இருந்த காத்தை 15-க்கு இறக்கினோம், ஸ்ஸ்ஸ்ஸ்னு அந்தச் சத்தமே எனக்கு நாதஸ்வரம்! டயர் பரந்து மணலை அணைச்சுக்கிட்டுப் போகுது, ஸ்டியரிங் கையில தானா நெளியுது, கண்ணாடி வழியா சூடான மண் வாசனை முகத்துல அடிக்குது, நான் சிரிக்கிறேன், அவ சிரிக்கிறா, எதுக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியலை!

பாலைவனத்துலயே தங்கின ராத்திரியை நினைச்சுப் பாருங்க. குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, விளக்கு இல்லை. குடிக்கிற தண்ணியிலேர்ந்து குப்பைப் பை வரைக்கும் நாமே கொண்டு போய், நாமே திருப்பி எடுத்துட்டு வரணும். ராலியில மத்த நாள்ல முகாம்ல சமையல்காரர் சுடச்சுடப் போடுவாராம், மாரத்தான் கட்டத்துல மட்டும் ராத்திரி நம்ம பாடு நமக்கு, அதுக்குத்தான் இந்தப் பயிற்சி. சாதத்துல கொஞ்சம் மணல் நெறநெறன்னுச்சு, அதனால என்ன! படுத்து மேலே பார்த்தா பால்வெளி இந்த மலையிலேர்ந்து அந்த மலை வரைக்கும் கொட்டிக் கிடக்குது, எங்கேயோ கயோட்டி ஊளையிடுது, குளிர் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள நுழையுது, எனக்கோ எழுந்து இப்பவே வண்டியை எடுக்கணும் போல கை பரபரக்குது!

போட்டிக்கு வராட்டியும் பரவாயில்லை. ஒரு காம்பஸும் நம்ம ஊர் மேப்பும் வாங்கி, நல்ல தோழியைக் கூட்டிக்கிட்டு, இந்த வாரமே ஒரு தடவை போனை அணைச்சு வெச்சு வழி தேடிப் பாருங்களேன்!