நூலுக்கு 750 மணி நேரம்

அழகுக்கலை உரிமத்துக்கான பயிற்சி நேரத்தைக் குறைக்க அமெரிக்க மாநிலம் ஒன்று கிளம்பினால் போதும், ‘வாடிக்கையாளரின் பாதுகாப்பு என்ன ஆவது?’ என்ற பல்லவி தொடங்கிவிடும். 2021இல் கலிஃபோர்னியா 1,600 மணி நேரத்தை 1,000 ஆக்கியபோதும் அது கேட்டது. உரத்துப் பாடுபவை பெரும்பாலும் அழகுக்கலைப் பள்ளிகள். நேரம் குறைந்தால் கட்டணமும் குறையும் என்ற வரியை மட்டும் அவை பாடுவதில்லை.

பல்லவி முழுக்கப் பொய்யல்ல. முடியை நேராக்கும் சில கலவைகள் சூடுபட்டதும் ஃபார்மால்டிஹைடை வெளிவிடும்; சாயம் சிலருக்குத் தோலைப் புண்ணாக்கும். கத்தி சுத்தமானதா என்பது நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத் தெரியாது. விவரம் தெரிந்தவர் கை வைப்பதே நல்லது, சரி.

ஆனால் உரிமத்தின் அளவுகோல் மணிக்கணக்கு. கோளாறு அங்கேதான்.

த்ரெட்டிங்கை எடுத்துக்கொள்வோம். நம்மூர் பார்லர்களில் அன்றாடம் நடப்பது. பருத்தி நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மீதியை விரல்களில் முறுக்கி, புருவத்தில் வேண்டாத முடியை வேரோடு பிடுங்குவார்கள். கத்தி இல்லை, மெழுகு இல்லை, ரசாயனம் இல்லை. இதற்கு டெக்சாஸ் 750 மணி நேரப் பயிற்சி கேட்டது. பட்டேல் என்பவர் பெயரில் வழக்கு மாநில உச்ச நீதிமன்றம்வரை போனது. அந்த 750இல் 320 மணி நேரம்வரை த்ரெட்டிங்குக்குச் சம்பந்தமே இல்லை என்று நீதிமன்றம் கண்டது. உரிமத் தேர்விலும் த்ரெட்டிங் கிடையாது. நூலைத் தொட்டே பார்க்காதவர் உரிமம் வாங்கலாம், இருபது வருடம் நூல் பிடித்தவர் வாங்க முடியாது! 2015இல் 6-3 என்ற பெரும்பான்மையில் அந்த நிபந்தனை செல்லாது என்றானது.

ஆப்பிரிக்க முறையில் தலை பின்னுபவர்கள் கதையும் இதேதான். டல்லாஸில் ஐசிஸ் பிராண்ட்லி 1997இல் உரிமமில்லாமல் பின்னியதற்காகக் கைதானார். பின்னல் கற்றுக்கொடுக்கப் போனபோது, சாய்வு நாற்காலிகளும் தலை கழுவும் தொட்டிகளும் வைத்து முழு முடிதிருத்தப் பள்ளியே கட்டச் சொன்னது மாநிலம். பின்னலுக்குத் தொட்டி எதற்கு? கூட்டாட்சி நீதிமன்றமும் கிட்டத்தட்ட அதைத்தான் கேட்டது.

மணி நேரம் நீண்டால் லாபம் யாருக்கு? பல பள்ளிகளில் மாணவர்கள் நிஜ வாடிக்கையாளர்களுக்கே முடி வெட்டுகிறார்கள், சாயம் பூசுகிறார்கள். வாடிக்கையாளர் தரும் பணம் பள்ளிக்கு. மாணவரின் கட்டணமும் பள்ளிக்கு. தரை கூட்டுவதும் துண்டு துவைப்பதும் பயிற்சிக் கணக்கில் சேர்ந்துவிடும். இதற்குக் கூலி கேட்டுத் தொடுத்த வழக்கில், மாணவர்கள் ஊழியர்கள் அல்லர் என்று 2017இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்படி ஓர் ஏற்பாடு கைவசம் இருக்கையில் எந்தப் பள்ளி மணி நேரத்தைக் குறைக்கச் சம்மதிக்கும்?

பாதுகாப்புக்கு வருவோம். 2000இல் கலிஃபோர்னியாவில் ஒரே நெயில் சலூனுக்குப் போன நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காலில் கொப்புளங்கள் கிளம்பின. கால் ஊறவைக்கும் தொட்டிகளின் வடிகட்டித் தகட்டுக்குப் பின்னால் முடியும் தோல் துணுக்கும் அடைந்து கிருமி வளர்ந்திருந்தது. நகப் பராமரிப்புக்கு உரிமம் கட்டாயமாக இருந்த மாநிலம் அது. மாநிலம் பிறகு செய்தது, தொட்டியை எப்படி, எப்போது கழுவ வேண்டும் என்று விதி போட்டது. அந்த விதியைப் படித்து முடிக்க அரை மணி நேரம் போதும்.

பிரிட்டனில் முடிதிருத்துநருக்கு உரிமம் கட்டாயமில்லை. 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுகூட விருப்பம்தான். ‘உரிமம் போனால் ஆபத்து’ என்பவர்கள் லண்டன் சலூன்களைப் பற்றி வாயே திறப்பதில்லை. அமெரிக்காவிலும் சுகாதாரத்துக்கென ஒரு சின்னத் தேர்வு, சொல்லாமல் வரும் ஆய்வாளர், அழுக்குத் தொட்டிக்கு அபராதம் என்று வைத்துக்கொள்ளலாம். கலிஃபோர்னியா 1,000இல் நின்றுவிட்டது. டெக்சாஸும் 1,500இலிருந்து இறங்கி அங்கேயே நிற்கிறது. அந்த எண்ணுக்கு என்ன கணக்கு என்று பள்ளிகளிடம்தான் கேட்க வேண்டும்.