சதுரச் சட்டகமும் குடும்ப நினைவும்: நடுவடிவப் படச்சுருள் குறித்த ஆர்வலர் உரையாடல் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

மீடியம் ஃபார்மட் எனப்படும் நடுவடிவப் படச்சுருளில் எடுத்த நிழற்படங்களைப் பகிர்ந்து உரையாடும் ஆர்வலர், ஹாசல்பிளாட், ரோலைஃப்ளெக்ஸ் முதலிய கேமராக்களின் பெயரையும் வில்லைகளின் கூர்மையையுமே பெரிதும் முன்னிறுத்துகின்றனர். இதனால் நடுவடிவம் வசதி படைத்தோரின் கலைக்கருவி என்னும் எண்ணம் நிலைபெறுகிறது. அவ்வெண்ணம் வரலாற்றுக்குப் பொருந்தாது என்பதையும், காரைக்கால் போன்ற ஊர்களின் வீட்டுப் படங்களை மதிப்பிட வேறோர் அளவுகோல் தேவை என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

எளியோரின் வடிவம்

கோடாக் நிறுவனம் 120 சுருளை 1901இல் அறிமுகப்படுத்தியது, மலிவான பிரௌனி பெட்டிக் கேமராவுக்காகவே. அகலமான நெகட்டிவைத் தாளின்மீது நேரே வைத்து ஒளியூட்டினால், உருப்பெருக்கும் கருவியின்றியே கையில் வைத்துப் பார்க்கத்தக்க படம் கிடைத்தது. ஆகவே, பெரிய அளவு ஆடம்பரத்தின் அடையாளமாக அன்றி, செலவைக் குறைக்கும் வழியாகவே தோன்றியது. இந்தியாவில் வடோதராவின் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்த அக்ஃபா கிளிக் 3 கேமராவும் இச்சுருளையே ஏற்றது. ஒரு சுருளில் 12 சதுரப் படங்கள் எடுக்கலாம். உதகையில் 1960இல் நிறுவப்பெற்று 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்னும் பெயரில் படச்சுருள்களை உள்நாட்டிலேயே கிடைக்கச் செய்தது.

காரைக்காலும் படத்தின் பயனும்

காரைக்கால் 1954 நவம்பர் 1இல் இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைந்தது. இந்தோசீனாவிலும் பிரான்சிலும் உறவினரைக் கொண்ட குடும்பங்கள் இவ்வூரில் பல. இத்தகைய குடும்பங்களில் நிழற்படம் காட்சிப்பொருள் மட்டுமன்று. தொலைவிலிருப்போர்க்கு நலம் உரைக்கும் மடலுமாகும். மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து கனி வீசும் வீட்டாரைக் காட்டும் ஒரு சதுரப் படத்தைக் கருதுவோம். கேமராவின் பெயரை மட்டும் கேட்கும் திறனாய்வு, எடுத்தவர் யார், யாருக்காக எடுக்கப்பட்டது, பின்புறத்தில் எழுதியது யாது என்னும் வினாக்களைத் தவறவிடுகிறது. முன்பக்கத்தை மட்டும் மின்னுருவாக்கிப் பகிரும்போது அவ்வினாக்களுக்கான சான்றும் மறைகிறது.

நுட்பத்தின் இடம்

எனினும், நுட்ப உரையாடல் பயனற்றது எனத் தள்ளுதல் பொருந்தாது. சதுர நெகட்டிவின் பரப்பு 56 × 56 மி.மீ.; 35 மி.மீ. சுருளின் சட்டகம் 24 × 36 மி.மீ. முன்னது ஏறத்தாழ 3.6 மடங்கு பெரிது. சிறிய அச்சுப்படத்தில் தெளிவற்றிருக்கும் பின்வரிசை முகத்தை, நெகட்டிவை உருப்பெருக்கி அடையாளம் காணும் வாய்ப்பு இதனால் மிகுகிறது. எளிய வில்லை இவ்வாய்ப்பைக் குறைக்கலாம், முற்றிலும் நீக்குவதில்லை. இவ்விடத்தில் நுட்ப அறிவு, நினைவை மீட்கும் சான்றாய்வாக மாறுகிறது.

முடிவுரை

கடற்கரையின் ஈரப்பதம் நெகட்டிவின் ஜெலட்டின் படலத்தில் பூஞ்சையை வளர்க்கும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் துணையுடன் தமிழ் ஸ்டுடியோ நிழற்படங்களைத் தொகுத்தமை குறிப்பிடத்தக்கது. ஸ்டுடியோவுக்கு வெளியே வீட்டார் எடுத்த சுருள்களுக்கும் அத்தகைய கவனம் வேண்டும். அதற்குத் தேவையான நுட்ப அறிவு ஆர்வலரிடம் ஏற்கெனவே உள்ளது. அவர்தம் உரையாடல் கருவியின் பெருமையோடு நில்லாமல், படத்திலுள்ளோர் பெயரையும் எடுத்த சூழலையும் பதிவுசெய்யுமாயின், அது பொழுதுபோக்கைக் கடந்து வட்டார வரலாற்றுக்கான பங்களிப்பாகும். பெயர் சொல்லத் தெரிந்த முதியோர் இருக்கும்போதே அப்பணி நிகழ வேண்டும்.